பர்த்டே உங்க நாய்க்கு... கப் கேக் யாருக்கு?

தலையில் குட்டியாக ஒரு கூம்புத் தொப்பி, கழுத்தில் 'பர்த்டே பாய்' பட்டை, எதிரே நீல க்ரீமைச் சுழித்து வைத்த ஆறு கப் கேக்குகள். வீடே சுற்றி நின்று பாட்டுப் பாட, பாட்டு முடியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூக்கை க்ரீமுக்குள் விடும் ஒரு லேப்ரடார். இன்ஸ்டாவைத் திறந்து பத்து நிமிஷம் ஸ்க்ரோல் பண்ணுங்க, இப்படி ஒரு ரீல்ஸாவது கண்ணில் படும்.

லாக்டௌனில் வீட்டில் அடைந்து கிடந்தபோது நிறைய பேர் இரண்டு விஷயங்களை ஆரம்பித்தார்கள். ஒன்று நாய் வளர்ப்பது, இன்னொன்று கேக் செய்வது. அந்த இரண்டும் சந்தித்த இடம்தான் 'டாக் கப் கேக்'. மனுஷங்களுக்கான கேக்கில் போட்டி அதிகம். அதனால் சென்னை, கோவை மாதிரி ஊர்களில் சில ஹோம் பேக்கர்கள் நாய்களின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இன்ஸ்டாவில் ஆர்டர், யு.பி.ஐ-யில் பணம், பைக்கில் டெலிவரி. கடை வாடகை இல்லாமல், வீட்டு அடுப்படியிலிருந்தே நடக்கிற நல்ல தொழில். "நாய்க்கெல்லாம் கேக்கா, ரொம்ப ஓவர்" என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. ஆசையாக வளர்க்கிறார்கள், ஆசையாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால், இந்த வியாபாரத்தில் வாங்குகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் இன்னொருவர். சாப்பிடுகிறவருக்கு லேபிள் படிக்கத் தெரியாது. வயிறு வலித்தாலும் சொல்லத் தெரியாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் சீரியஸாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

160 வருஷத்துக்கு முன்பே 'டாக் கேக்'!

இது ஏதோ இன்ஸ்டா தலைமுறை கண்டுபிடித்தது இல்லை. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் 1860-களில் லண்டனில் விற்க ஆரம்பித்த பொருளின் பெயரே 'டாக் கேக்'தான். கோதுமை, பீட்ரூட், காய்கறி, மாட்டிறைச்சி சேர்த்துச் சுட்ட கெட்டி பிஸ்கட் அது. உலகில் முதன்முதலாகப் பெரிய அளவில் விற்கப்பட்ட நாய் உணவு என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் பிறகு 1989-ல், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 'த்ரீ டாக் பேக்கரி' நாய்களுக்கு மட்டுமேயான பேக்கரியைத் திறந்தது.

அன்றைக்கு ஸ்ப்ராட்டும் சரி, இன்றைக்கு நம்ம ஏரியா பேக்கரும் சரி, பொருளை விற்பது மனுஷங்களிடம்தான். அதனால் நம் கண்ணுக்கு அழகாக இருப்பதுதான் முதலில் விலைபோகும். நாய்க்கு எது நல்லது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

சட்டத்தின் கண்ணில் நாய் 'சாப்பிடுபவர்' இல்லை

நீங்க வாங்குகிற பிறந்தநாள் கேக்கை வீட்டில் செய்து விற்பவர்கூட எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யில் பதிவு செய்திருக்க வேண்டும். அதே அவனில், அதே கையால் நாய்க்குக் கேக் செய்தால்? 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 'உணவு' என்பதை மனிதர் உட்கொள்வதற்கான பொருள் என்றே வரையறுக்கிறது. கால்நடைத் தீவனம் அந்த வரையறைக்குள் வராது என்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஒரு பேக்கரின் பக்கத்தில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருந்தால், அது அவர் மனுஷங்களுக்குச் செய்யும் கேக்குக்கானது. நாய் கேக்குக்கு அது உத்தரவாதம் இல்லை.

2025-ல் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று கறாராக அறிவித்தது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். நாய்க்கு உரிமம் கேட்பது நியாயம்தான். ஆனால், அந்த நாயின் வாய்க்குள் போகிற கப் கேக்கைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் வீட்டில் ஜாம், கேக் செய்து விற்பவர்களுக்குப் பல மாநிலங்கள் சலுகை தருகின்றன. ஆனால், நாய்த் தின்பண்டம் செய்தால் அந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. பெரும்பாலான மாநிலங்களில் வேளாண் துறையிடம் பதிவு செய்து, புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம் எவ்வளவு என்று லேபிளில் போட வேண்டும். பிரிட்டனிலும் வீட்டு அடுப்படியில் செய்து விற்பவர்கூட பதிவோ அனுமதியோ பெற வேண்டும்.

"லேபிளை ஒட்டிவிட்டால் ஆபத்து போய்விடுமா?" என்று கேட்கலாம். போகாது. 2007-ல் அமெரிக்காவில், மெலமைன் கலந்த கோதுமை குளூட்டனால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 6 கோடிக்கும் மேற்பட்ட டின்களும் பாக்கெட்டுகளும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அப்படித் திரும்பப் பெற முடிந்ததே, எந்தத் தேதியில் எது தயாரானது என்ற பதிவு இருந்ததால்தான். ஒரு ஹோம் பேக்கர் ஒரே நாளில் பத்து வீட்டுக்கு அனுப்பிய கேக்கில் ஏதோ தவறு என்று மறுநாள் தெரிந்தால், மீதி ஒன்பது வீட்டுக்கு யார் போன் பண்ணுவது? ஆர்டர் நோட்டில் தேதியும் பொருட்களும் எழுதி வைக்கிற பழக்கம் இருந்தால்தான் அது நடக்கும்.

வில்லன்கள் நல்ல பெயரில் வருவார்கள்

நாய்க்குச் சாக்லேட் ஆகாது என்பது இப்போது நிறைய பேருக்குத் தெரியும். எவ்வளவு ஆகாது என்பதில்தான் குழப்பம். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் நாயின் உடம்பை விட்டு வெளியேற நம்மைவிட ரொம்ப நேரம் எடுக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, பரபரப்பு தொடங்கலாம். 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ஐத் தொட்டால் வலிப்பு வரலாம். சுத்தமான கோகோ பவுடர் 10 கிராமிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் தியோப்ரோமின் இருக்கலாம். 5 கிலோ ஷிட்சூவுக்கு அதுவே கிலோவுக்கு 40 மில்லிகிராம் கணக்கு. 30 கிலோ லேப் அதே அளவைத் தின்றால் ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம். "எங்க நாய் சாப்பிட்டுச்சு, ஒண்ணும் ஆகலையே" என்கிற பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

அதைவிட மோசமான வில்லன், 'ஹெல்த்தி' என்ற பெயரில் வருகிற சைலிட்டால். நாய்க்குச் சர்க்கரை வேண்டாம் என்று நல்ல எண்ணத்தோடு சுகர்-ஃப்ரீ இனிப்பைப் போட நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாத சைலிட்டால், நாயின் உடம்பில் இன்சுலினைக் கொட்ட வைத்து ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும். கிலோவுக்கு 0.1 கிராமே அதற்குப் போதும். 0.5 கிராம் போனால் கல்லீரலே பழுதாகலாம். 5 கிராம் கொள்ளும் ஒரு டீஸ்பூன், 5 கிலோ நாய்க்கு அந்த எல்லையைப் போல இரண்டு மடங்கு. எல்லா சுகர்-ஃப்ரீயும் இப்படி இல்லை. ஸ்டீவியா, எரித்ரிட்டால் எல்லாம் வேறு. ஆனால், சில பீனட் பட்டர்களிலும் சூயிங்கம்களிலும் சைலிட்டால் இருக்கும். லேபிளில் பெயர் இல்லாவிட்டால் 967 என்ற எண்ணைத் தேடுங்க, இரண்டும் ஒன்றுதான்.

அடுத்தது திராட்சை. காய்ந்ததோ பச்சையோ, சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். ஏன் என்பது பல வருஷம் புரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைக் கைகாட்டினார்கள். வீட்டில் செய்த ப்ளே-டோவைத் தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததுதான் துப்பு. அதில் இருந்தது, நம் பேக்கர்கள் முட்டை வெள்ளைக் கரு க்ரீமை நுரைக்கப் போடுகிற 'க்ரீம் ஆஃப் டார்ட்டர்'. நம்ம ஊர் புளியிலும் இருப்பது இதே அமிலம்தான். ஒரு சிட்டிகைதானே என்று தோன்றலாம். நாய் கேக்கில் அந்தச் சிட்டிகைக்கு வேலையே இல்லை.

ஜாதிக்காய், மக்கடாமியா, வெங்காயம், பூண்டு இவையெல்லாம்கூட தடை லிஸ்ட்டில் உண்டு. சிக்கன் கப் கேக் செய்கிறவர்கள், முந்தின நாள் குழம்பிலிருந்து துண்டை எடுத்துக் கழுவிப் போடுவது என்ற யோசனையையே விட்டுவிட வேண்டும். மசாலா கழுவினால் போகாது.

க்ரீம் யாருக்காக?

நாய்க்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது. அதன் உலகம் பெரும்பாலும் நீலம், மஞ்சள், சாம்பல். ரெட் வெல்வெட் கப் கேக் அதற்கு மங்கலான ஏதோ ஒன்று. நாக்கிலும் நமக்குச் சுமார் 9,000 சுவை மொட்டுகள் என்றால், நாய்க்குச் சுமார் 1,700-தான். அது கேக்கை ரசிப்பது மூக்கால். வெந்த சிக்கனின் வாசனைக்கு முன்னால் வெனிலா எசென்ஸ் நிற்கவே முடியாது. ஆக, சுழித்து வைத்த அந்த க்ரீமும் கலரும் கேமராவுக்குத்தான்.

நம்ம போட்டோவுக்காகக் கொஞ்சம் அழகு பண்ணினால் என்ன தப்பு? தப்பில்லை, கொழுப்பைக் கணக்கில் வைத்தால். வெண்ணெயும் க்ரீம் சீஸும் குவித்த ஃப்ராஸ்டிங்கை ஒரே மூச்சில் விழுங்குகிற நாய்க்குக் கணைய அழற்சி வரலாம். அது சாதாரண வயிற்றுக் கோளாறு இல்லை, உயிருக்கே ஆபத்தாகலாம்.

கலோரிக் கணக்கையும் பார்த்துவிடலாம். தின்பண்டம் நாயின் ஒருநாள் கலோரியில் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. 5 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒருநாள் தேவை தோராயமாக 370 கலோரி. அப்படியென்றால் தின்பண்டத்துக்கு 37. கேழ்வரகு, முட்டை, வாழைப்பழம் போட்டுச் செய்கிற ஒரு சாதாரண கப் கேக்கே ஃப்ராஸ்டிங்கோடு 120-ஐத் தொடும். அதாவது மூன்று நாள் கோட்டா. 30 கிலோ லேப்புக்கு 140 வரை போகலாம் என்பதால் ஒன்று ஓகே, ஆறு ஓகே இல்லை. அதிலும் லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசியைத் தூண்டும் மரபணு மாற்றம் இருப்பதாக கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கண்டுபிடித்தார்கள். அது இன்னும் கேட்டு உங்க முகத்தையே பார்ப்பதை வைத்து, பசி என்று முடிவு பண்ணாதீங்க.

வேளச்சேரியிலிருந்து அம்பத்தூருக்கு...

நல்ல பொருளாகப் போட்டுச் செய்தாச்சு. அடுத்த சிக்கல் ரோட்டில். மே மாத மதியம், வேளச்சேரியில் கிளம்பும் கப் கேக் அம்பத்தூருக்குப் பைக்கில் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். வெளியே 38 டிகிரி, மூடிய பைக்குள் அதைவிட அதிகம். கெட்டித் தயிரில் செய்த ஃப்ராஸ்டிங் தண்ணீர் விட்டு ஒரு பக்கமாகச் சரியும். சரிந்த க்ரீம்கூட பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியாததுதான் பிரச்னை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும் வெப்பநிலை. முட்டை, பால், கறி சேர்ந்த பண்டம் அந்த நிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். நம்ம ஊரில் வருஷத்தில் பாதி நாள் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான்.

"நாய் எதைத் தின்னாலும் செரிக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. அதன் வயிறு நம்மைவிடக் கெட்டிதான். ஆனால், சால்மோனெல்லா உள்ள உணவைத் தின்ற நாய், தான் நன்றாக இருந்துகொண்டே அதை வீட்டில் இருப்பவர்களுக்குப் பரப்ப முடியும். முகத்தை நக்கவிடும் குழந்தைதான் முதலில் மாட்டும். பூசணம் பிடித்த பண்டமோ நாய்க்கே நடுக்கமும் வலிப்பும் கொண்டுவரலாம்.

அதனால் அனுப்புகிறவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேக்கை முதல்நாளே செய்து, ஆறவைத்து, ஃப்ரீஸரில் கெட்டியாக்குங்க. ஃப்ராஸ்டிங்கைத் தடவி அனுப்பாமல், கோன் பையில் தனியாக, ஜெல் ஐஸ் பேக்கோடு தெர்மாகோல் பெட்டியில் வையுங்க. வாங்குகிறவர் தன் வீட்டில் பிழிந்துகொள்ளட்டும். அதுவே ஒரு ஜாலியான வேலை, ரீல்ஸுக்கும் ஆச்சு. ஒவ்வொரு கேக்கும் ஆடாமல் உட்கார ஓட்டை போட்ட அட்டை உள்ளே வேண்டும். பெட்டியை ஸ்கூட்டரின் முன்கொக்கியில் மாட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஊஞ்சலாடும், கால் வைக்கிற இடத்தில் சமமாக வையுங்க. காரிலும் சாய்வான சீட்டைவிடத் தரையே நல்லது, ஏசி காற்று படட்டும்.

ஊர் விட்டு ஊர் அனுப்பச் சொல்லிக் கேட்டால்? கோவையிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ் பார்சலில் ஈரமான கப் கேக்கை ஏற்றாதீங்க. வறட்டியாகச் சுட்ட பிஸ்கட் என்றால் தாராளமாக அனுப்பலாம். ஆர்டரை விட மனசு வராதுதான். ஆனால், கெட்டுப்போன ஒரு டெலிவரியின் ரிவ்யூ, பத்து நல்ல ஆர்டரின் பெயரைக் கெடுத்துவிடும்.

பெட்டியைத் திறக்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பேப்பர் கப், டூத்பிக்கில் குத்திய அலங்காரம், மெழுகுவத்தி, ஈரம் உறிஞ்ச வைத்த சிறு பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் நாயின் முன்னால் வைக்க வேண்டும். அது பிரித்துச் சாப்பிடாது, மொத்தமாக விழுங்கும்.

இட்லித் தட்டே போதும்

காசு செலவழிக்க வேண்டாம், நாமே செய்யலாம் என்பவர்களுக்கு அவன்கூட தேவையில்லை. ஒரு கப் கேழ்வரகு மாவு, ஒரு முட்டை, மசித்த வாழைப்பழம் ஒன்று, அரை கப் புளிக்காத தயிர், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். விருப்பப்பட்டால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து உதிர்த்த சிக்கன், எலும்பு ஒன்றுகூட இல்லாமல். கலந்து இட்லித் தட்டில் ஊற்றி, குத்தினால் ஒட்டாத பதம் வரும்வரை ஆவியில் வேகவிடுங்க. 14 இட்லித் தட்டு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. சின்ன நாய்க்கு அந்தக் குட்டி சைஸ்தான் சரியான அளவு.

மேலே ஃப்ராஸ்டிங்குக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. வேகவைத்து, தோலுரித்து, கட்டியில்லாமல் மசித்து, ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் குழைத்தால் கோனில் அழகாகப் பிழியலாம். தயிர் க்ரீம் மாதிரி உருகி வழியாது. சிவப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் பீட்ரூட் சாறு. இது ஃப்ரிட்ஜில் 3 நாள் தாங்கும். தயிரோ முட்டையோ புதிதாக முயல்வது என்றால், பிறந்தநாளுக்கு முன்பே ஒரு துண்டு கொடுத்து வயிறு ஏற்கிறதா என்று பாருங்க. பால் பொருள் ஒத்துக்கொள்ளாத நாய்கள் நிறைய உண்டு. சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்னை உள்ள நாய் என்றால், டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

தப்பித்தவறி ஆகாததைத் தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்பே விஷமாகிவிடும். சைலிட்டால் என்றால் அரை மணி நேரத்துக்குள்கூட நாய் தள்ளாட ஆரம்பிக்கலாம். சாக்லேட்டுக்குச் சில மணி நேரம் ஆகும். திராட்சைக்கு ஓரிரு நாள் கழித்தும் வேலையைக் காட்டும். "நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்க. போகும்போது கேக் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்க.

ஒரு சீட்டு எழுதுங்க

அந்த டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. 'நோ சுகர்', 'ஆர்கானிக்', 'மேட் வித் லவ்' என்பதெல்லாம் டாக்டருக்கு உதவாது. பொருட்கள் என்னென்ன, செய்த தேதி, நேரம், எத்தனை மணி நேரம் வெளியே இருக்கலாம், எவ்வளவு எடையுள்ள நாய்க்கு எத்தனை... இந்த நாலு வரிதான் உதவும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்டர் பண்ணும்போது வாங்குகிறவர் இரண்டே கேள்வி கேட்கலாம்: "உள்ளே என்னென்ன போட்டிருக்கீங்க அக்கா? ஃப்ரிட்ஜை விட்டு எப்போ எடுத்தீங்க?" நல்ல பேக்கர் இதற்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகவே பதில் சொல்வார். "அது எங்க சீக்ரெட் ரெசிபி" என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பாருங்க. பில் கேட்டு வாங்குங்க. நாளைக்கு நுகர்வோர் ஆணையம்வரை போக வேண்டி வந்தால் உங்களிடம் அதுதான் ஆதாரம்.

விற்பவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. இன்றைக்கு இந்தத் தொழிலில் இருப்பவர்களை வேறுபடுத்திக் காட்டுவது க்ரீமின் கலர் மட்டும்தான். அதை யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம். ஒவ்வொரு பெட்டியிலும் கையால் எழுதிய ஒரு சீட்டை ஒட்டுகிறவரிடம் இருக்கும் நம்பிக்கையைக் காப்பி அடிக்க முடியாது. ஒரு பேனா, ஒரு ஸ்டிக்கர், இரண்டு நிமிஷம். செலவு அவ்வளவுதான். அடுத்த ஆர்டரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.